பெத்ரேன் காட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மொரீஷியஸுக்குப் புதிதாக வந்த நம் ஆட்களிடம் "எங்கெங்கே போனீர்கள்?" என்று கேட்டால் கடற்கரைப் பெயர்கள் மளமளவென்று வரும். பிளிக் அன் பிளாக், க்ரான் பே, பெல் மார், லெ மோர்ன். காட்டுப் பக்கம் போகவில்லையா என்றால், "ஷமரேல் ஏழு வண்ண மண்ணைப் பார்க்கப் போகும்போது வண்டியிலிருந்தே பார்த்தோமே, ஒரே பச்சைப் பசேல்!" என்பார்கள். அந்தப் பச்சையில் எது இந்தத் தீவின் சொந்தப் பச்சை, எது வெளியிலிருந்து வந்து பரவியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அப்புறம் அந்த வழியில் வண்டியை விரட்டிக்கொண்டு போக மனசு வராது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வீடு வக்வாவில். ஊர்ப்பக்கமிருந்து யார் வந்தாலும் முதல் ஞாயிறு கோயில், அடுத்த வாரம் பெத்ரேன் என்று வைத்திருக்கிறேன். இதுவரை பலரைக் கூட்டிப் போனதில் எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காட்டின் முழுப் பெயர் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கா. 1994இல் அறிவித்தார்கள். பரப்பு 6,574 ஹெக்டேர். மொத்தத் தீவும் நம் ஊர் மாவட்டம் ஒன்றைவிடச் சிறியது என்பதால், இந்த அளவே இங்கே பெரிய காடு. க்யூர்பிப், வக்வா என்று வீடும் கடையுமாக நெருக்கியடித்துக்கொண்டு வரும் நகரங்கள் முடிந்து, மார் ஓ வக்வா நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் சட்டென்று வீடுகள் நின்றுபோகும், காடு தொடங்கிவிடும். நகரத்தின் கொல்லைக் கதவைத் திறந்தால் காடு என்று சொல்லலாம்.

பூங்காவுக்குத் தகவல் மையத்தோடு கூடிய வாசல்கள் இரண்டு. மேட்டு நிலத்தில் இருப்பது பெத்ரேன். மேற்குக் கடற்கரைப் பக்கம், பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது ரிவியேர் நுவார் வாசல். முதல்முறை போகிறவர்கள் பெத்ரேனிலிருந்து தொடங்குங்கள். வழி சமதளம், குழந்தைகளும் பெரியவர்களும் நடக்கலாம், திரும்பி வருவதும் சுலபம்.

எந்த மாதம், எந்த நேரம்

மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம். நடக்க அதுதான் நல்ல காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெக்கையும் புயலும். இந்த மாதங்களில் போகக் கூடாது என்றில்லை. ஆனால் கிளம்பும் அன்று காலை வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. (வானிலை ஆய்வு நிலையம் வக்வாவிலேயேதான் இருக்கிறது.) புயல் எச்சரிக்கை எந்த வகுப்பில் இருந்தாலும் சரி, பெருமழை எச்சரிக்கை இருந்தாலும் சரி, அன்றைக்குக் காடு வேண்டாம்.

குளிர்காலம் என்றால் மழை இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். பிளிக் அன் பிளாக்கில் வெயில் கொளுத்தும், வக்வாவில் தூறும், பெத்ரேனில் கொட்டும். மூன்றும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் நடக்கும். பெத்ரேன் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டில் மோதித்தான் மழையாகிறது. காடு இருப்பதற்கே அந்த மழைதான் காரணம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

காலை எட்டு மணிக்குள் பெத்ரேனில் இருங்கள். பறவைகள் காலையில்தான் வெளியே தெரியும். பகல் ஏற ஏற மூடுபனியும் இறங்கிவிடும். ஜூன் மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மரத்தடியில் அதற்கு அரை மணி முன்பே இருட்டு. எந்தப் பாதையில் போனாலும் மூன்று மணிக்கு வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டு: மகா சிவராத்திரியை ஒட்டிய வாரம். பெத்ரேனுக்குப் பக்கத்திலேயே க்ரான் பாசேன், அதாவது கங்கா தலாவ் ஏரி. தீவின் எல்லா மூலையிலிருந்தும் பக்தர்கள் வெள்ளை உடையில் காவடி சுமந்து நடந்தே வருவார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும், ஒருமுறை அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் காட்டு நடைக்கு அந்த வாரம் ஏற்றதில்லை. சாலை முழுக்க மனிதர்கள், வண்டி நகராது.

போய்ச் சேருவது

சொந்த வண்டி இருந்தால் பிரச்சினையே இல்லை. வக்வாவிலிருந்தோ க்யூர்பிப்பிலிருந்தோ அரை மணி நேரம்கூட ஆகாது.

வண்டி இல்லாதவர்கள் போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் எங்கிருந்தாலும் மெட்ரோ பிடித்து க்யூர்பிப் வந்துவிடுங்கள். 2022லிருந்து மெட்ரோ க்யூர்பிப் வரை ஓடுகிறது. அங்கிருந்து டாக்ஸிதான் நல்ல வழி. காட்டுப் பக்கம் போகும் பேருந்துகள் குறைவு. போகும்போது கிடைத்த பேருந்து திரும்பும்போதும் கிடைக்கும் என்று நம்பி நிற்க முடியாது.

டாக்ஸியில் போவதற்கு மேல் திரும்பி வருவதைத்தான் யோசிக்க வேண்டும். நான் இங்கே வந்த முதல் வருடம் என் தோழியும் நானும் க்யூர்பிப்பில் ஒரு டாக்ஸி பிடித்துப் போனோம். இரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று டிரைவர் தலையாட்டினார். போகவர இரண்டுக்கும் சேர்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். இரண்டு, இரண்டரை, மூன்று ஆயிற்று, ஆள் வரவில்லை. எங்களிடம் அவர் எண்ணும் இல்லை. மூடுபனி வேறு இறங்கிவிட்டது. க்ரான் பாசேனிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டது. அந்த அம்மா தன் சால்வையைக் கழற்றி என் தோழி மேல் போர்த்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில், போகவர மொத்தம் எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். டிரைவரின் கைப்பேசி எண்ணை வாங்கி, அவர் எதிரிலேயே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். போகும்போது பாதிப் பணம், வீடு திரும்பியதும் மீதி. நீட்டுகிற ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். ஆனால் டிரைவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரிந்திருக்காது. இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஒரு வரி கற்றுக்கொண்டால் போதும்: "வின் சேர்ஸ் நூ", அதாவது எங்களைக் கூட்டிப்போக வாங்க. கூடவே மணியை எழுதிக் காட்டிவிடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

செருப்பு கூடவே கூடாது. சிவப்பு மண், மழை பட்டால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். அடிப்பகுதியில் பிடிமானம் உள்ள மூடிய காலணி போடுங்கள். அதன் அடியைப் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டுக் கிளம்புங்கள்; காரணம் பின்னால் வரும். ஒரு மழைச்சட்டை, ஒரு மாற்றுச் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கடற்கரைக்குக் கிளம்புவது மாதிரி மெல்லிய உடையோடு வந்தால் மேலே நடுங்குவீர்கள்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே கடை கிடையாது. நான் புளிச்சாதம் கட்டிக்கொள்வேன், தயிர்ச்சாதம் வேண்டாம், நசநசவென்று ஆகிவிடும். சமைக்க நேரமில்லை என்றால் வழியில் சந்தையில் தால் பூரி நாலு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், கை நனையாமல் சாப்பிடலாம். எல்லாவற்றையும் நன்றாக மூடும் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிவிடும்.

இறங்கியதும் நடக்காதீர்கள், முதலில் நில்லுங்கள்

பெத்ரேனில் இறங்கியதும் எல்லோரும் பாதையைத் தேடி ஓடுவார்கள். நீங்கள் தகவல் மையத்தின் பக்கத்திலேயே ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். பூங்காவின் வரைபடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அப்புறம் அங்கேயே உள்ள நாட்டுச் செடித் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். காட்டைப் படிக்க அதுதான் அரிச்சுவடி.

இங்கேதான் நம் தமிழ் உதவுகிறது. பிரெஞ்சுப் பெயர்களைக் கேட்டால் எல்லா மரமும் அந்நியமாகத் தெரியும். ஆனால் பாதி மரங்களுக்கு நம் ஊரில் பங்காளிகள் இருக்கிறார்கள். அந்த உறவைப் பிடித்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

முதலில் வக்வா. ஊருக்குப் பெயர் கொடுத்த அந்தச் செடி வேறொன்றும் இல்லை, நம் தாழை. இந்தத் தீவுக்கே உரிய தாழை வகைகள் பெத்ரேனின் ஈர நிலத்தில் கூட்டமாக நிற்கும். ஊன்றிய கோல்கள் மாதிரி விழுது, சுருள் சுருளாக அடுக்கிய இலை, ஓரத்தில் முள். மார் ஓ வக்வா என்றால் தாழங்குளம் என்றுதான் பொருள் வரும். பல வருடம் அந்த ஊரில் குடியிருந்துவிட்டு, ஒருநாள் இந்தச் செடி முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், சின்ன வயதில் வக்வா ஓலையில் பின்னிய பைகளில்தான் கடைக்குப் போனார்களாம். ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டையே இந்த ஓலைச் சாக்கில்தான் போனது.

அடுத்து கருங்காலி. இலங்கையிலும் நம் ஊரிலும் உள்ள கருங்காலியின் நேர் உறவு. டச்சுக்காரர்கள் 1638இல் இங்கே குடியேறியதும் கண் வைத்தது இந்த மரத்தின் மேல்தான். வெட்டி வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். மெல்ல வளரும் மரம். கைப்பிடி அளவு தண்டைப் பார்த்துக் குட்டி மரம் என்று எண்ண வேண்டாம், வயது உங்களைவிட அதிகமாக இருக்கலாம்.

கொலொஃபான் என்று ஒரு பெரிய மரம் உண்டு. நம் குங்கிலியத்தின் உறவு. பட்டையில் கீறல் விழுந்தால் பிசின் கசியும். நாத் என்ற மரமும், டோடோ பறவைக் கதையில் வரும் தம்பலாகோக் மரமும் நம் இலுப்பை, மகிழம் குடும்பம். டோடோ விழுங்கி எச்சமிட்டால்தான் தம்பலாகோக் விதை முளைக்கும் என்று 1977இல் ஒரு அமெரிக்க அறிஞர் எழுதினார், உலகமெல்லாம் அந்தக் கதை பரவியது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, பறவை இல்லாமலும் விதை முளைக்கிறது. வழிகாட்டிகள் இன்னும் பழைய கதையைச் சொல்வார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குனிந்து பார்க்க வேண்டிய ஒன்று, த்ரோஷேசியா. செம்பருத்திக் குடும்பம். மணி மாதிரித் தொங்கும் இளஞ்சிவப்புப் பூ. பூத்திருந்தால் பறிக்காமல், தொடாமல், கீழிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் தேன் தேங்கியிருக்கும். எந்தப் பூவிலும் தேன் தண்ணீர் நிறம்தானே? இதில் ஆரஞ்சுச் சிவப்பு. உலகத்தில் மிகச் சில செடிகளுக்குத்தான் நிறமுள்ள தேன் உண்டு. இதைத் தேடி வருவது பச்சையும் நீலமுமாக மின்னும் ஒரு பகல்பல்லி. பல்லி தேன் குடிக்கும், தலையில் மகரந்தம் ஒட்டும், அடுத்த பூவுக்குப் போகும். பல்லி மகரந்தச் சேர்க்கை செய்யும் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இங்கே பத்து நிமிடம் அசையாமல் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு விந்தை. இந்தத் தீவின் சொந்தச் செடிகள் பலவற்றில் குட்டிச் செடியின் இலை ஒரு வடிவம், வளர்ந்த மரத்தின் இலை வேறு வடிவம். ஒரே மரம் என்று நம்பவே முடியாது. முன்பு இங்கே பெரிய நிலத்தாமைகள் மேய்ந்து திரிந்தன. அவற்றின் வாய்க்கு எட்டும் உயரம் வரை வேறு இலை காட்டித் தப்பிக்கும் உத்தி இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஆமைகள் அழிந்து எத்தனையோ காலமாயிற்று. செடிகள் இன்னும் பழைய பழக்கத்தை விடவில்லை.

எது வந்து பரவிய பச்சை

இனி நிமிர்ந்து சாலையோரத்தைப் பாருங்கள். மணிக்கட்டுப் பருமனில், வழவழப்பான பட்டையோடு, பட்டை சீவல் சீவலாக உரிந்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் மெல்லிய தண்டுகள் தெரிகிறதா? அடியில் வேறு செடியே இருக்காது. அதுதான் சீனக் கொய்யா. பெயரில் சீனம் இருந்தாலும் சொந்த ஊர் பிரேசில். நாம் வண்டியிலிருந்து "ஒரே பச்சைப் பசேல்" என்று பார்த்து மகிழ்வதில் பெரும்பகுதி இதுதான்.

என் அண்ணி வந்திருந்தபோது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கொய்யாதானே, இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" நியாயமான கேள்வி. அண்ணியை ஐந்நூறு அடி தள்ளி, களை எடுத்துப் பராமரிக்கும் ஒரு காட்டுத் துண்டின் வேலியோரம் கூட்டிப் போனேன். இந்தப் பக்கம் கொய்யாப் புதர், கைவிட்டால் கை போகாது, தரையில் ஒரு முளைகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாசி படிந்த கருத்த மரங்கள், கிளையில் ஆர்க்கிட், பெரணி, தரையில் விரல் நீளக் கன்றுகள் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இலை. அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்தப் பக்கமும் ஒரு காலத்துல அப்படித்தான இருந்திருக்கும்" என்றார். ஆமாம், அப்படித்தான் இருந்தது. நல்ல நிலையில் உள்ள சொந்தக் காடு இன்று மொத்தத் தீவில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

அந்த வேலி மானையும் காட்டுப்பன்றியையும் தடுக்க. களை எடுப்பது கையால், ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கொய்யாத் தண்டாகப் பிடுங்குகிறார்கள். ஒருமுறை எடுத்தால் முடிந்தது என்றில்லை, திரும்பத் திரும்ப வரவேண்டும். அவர்களைப் பாதையில் பார்த்தால் "போன்ஜூர்" சொல்லுங்கள். இந்தக் காடு நிற்பது அவர்கள் முதுகில்.

கொய்யா மட்டுமில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த விசிறிவாழை, இலங்கையிலிருந்து வந்த பிரிவே என்ற புதர் என்று பட்டியல் நீளம். ஆனால் முதல் நாள் கொய்யாவை மட்டும் அடையாளம் கண்டால் போதும்.

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கொய்யா பழுக்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிளேன் ஷாம்பாஞ் சாலையோரம் முழுக்கக் குடும்பங்கள், கையில் வாளி. உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் அவ்வளவு ருசி. நீங்களும் தாராளமாகத் தின்னுங்கள், சாலையோரத்திலேயே. பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்க் கடித்துத் துப்பாதீர்கள். குரங்கும் பன்றியும் செய்யும் வேலையை நாமும் செய்ய வேண்டாம்.

மக்காபே வழியில்

இப்போது நடக்கலாம். பெத்ரேனிலிருந்து மக்காபே காட்டுக்குள் போகும் வழி அகலமான மண்பாதை. முழுச் சுற்று சுமார் 14 கிலோமீட்டர். முதல்முறை போகிறவர்கள் முழுதும் போகத் தேவையில்லை. ஒரு மணி நேரம் உள்ளே நடந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, வந்த வழியே திரும்புங்கள். அதிலேயே காட்டின் நல்ல பகுதி கண்ணில் பட்டுவிடும். இந்தக் காட்டில்தான் 1930களில் வான், வியே என்ற தாவரவியலாளர்கள் ஒரு துண்டு நிலத்தை அளந்து மரம் மரமாக எண்ணிக் குறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் அதே இடத்தில் திரும்ப எண்ணியவர்கள் எவ்வளவு குறைந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது அந்தக் கணக்கு இருந்ததால்தான்.

நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். முதலில் உங்களுக்குக் கேட்பதெல்லாம் ஊர்க்குரல்களாகவே இருக்கும். மைனா நம்மிடமிருந்து வந்தது. தலையில் கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் உள்ள சின்னானை இங்கே "கொண்டே" என்கிறார்கள். எனக்கு அதில் நம் கொண்டைதான் கேட்கிறது. கறிவேப்பிலையைக் "கறிப்பூலே" என்றும் முருங்கைக்கீரையைப் "ப்ரேத் முரூம்" என்றும் சொல்லும் ஊரல்லவா இது.

கிளியைப் பார்த்தால் மட்டும் நிதானியுங்கள். என் அண்ணன் மகன் "அத்தை, நம்ம ஊர்க் கிளியேதான்!" என்று கத்தினான். அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் ஊர்ப் பச்சைக்கிளியையும் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இந்தத் தீவின் சொந்தக் கிளி எக்கோ கிளி. நிறம் இன்னும் அடர்ந்த பச்சை, வால் குட்டை, குரல் கரகரப்பு. பெண் கிளியின் மேல் அலகு கறுப்பு. ஊர்க்கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் சிவப்பு. கறுத்த அலகைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். 1980களில் இந்த இனத்தில் மிஞ்சியது இருபதுகூட இல்லை. இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன.

இளஞ்சிவப்புப் புறாவின் கதையும் அப்படியே. 1990ஐ ஒட்டிக் காட்டில் பத்துப் பறவைகள் அளவில்தான் இருந்தன. அவை கடைசியாகக் கூடு கட்டியது எங்கே தெரியுமா? காட்டின் தெற்கே, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ஜப்பானியத் தேவதாருத் தோப்பில். குரங்குகள் அந்த மரத்தில் அவ்வளவாக ஏறவில்லை, முட்டை தப்பியது. வெளியிலிருந்து வந்த மரம் எல்லாமே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்தத் தோப்பே சாட்சி. பெத்ரேன் பக்கமும் இந்தப் புறாக்களை வளர்த்து விட்டிருக்கிறார்கள். தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு. காலில் நிற நிறமாக வளையம் போட்டிருந்தால், அதை யாரோ பெயர் வைத்த மாதிரி ஒவ்வொன்றாகக் கணக்கு வைத்துக் காத்து வருகிறார்கள் என்று பொருள். தீனி போடாதீர்கள். நம் வீட்டு மாடிப் புறா மாதிரி அது பக்கத்தில் வந்து உட்காரும், கை பரபரக்கும், இருந்தாலும் வேண்டாம்.

இந்தத் தீவுக்கே உரிய வல்லூறைப் பார்ப்பது அதிர்ஷ்டம். 1974இல் காட்டில் தெரிந்தவரை மொத்தம் நான்கே நான்கு. மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி பூச்சிமருந்து அதன் உணவான பல்லிகள் வழியாக உடம்பில் ஏறியது. மரப்பொந்துக் கூட்டைக் குரங்கு கலைத்தது. ஒரு ஜோடி மட்டும் குரங்கு எட்டாத செங்குத்துப் பாறையில் கூடு வைத்துக் குஞ்சு பொரித்தது. 1979இல் வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தார். தாய்ப்பறவை மறுபடி முட்டையிட்டது. அப்படி இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கித்தான் இன்று சில நூறு. 2022இல் அதையே நாட்டின் தேசியப் பறவையாக அறிவித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது செத்துப்போன டோடோ. இப்போது உயிரோடு உள்ள பறவை. எனக்கு இதில் மிகவும் சந்தோஷம்.

ஜாக்கிரதை

விஷப்பாம்பு பயம் வேண்டாம், இந்தத் தீவின் காட்டில் மனிதருக்கு ஆபத்தான பாம்பும் இல்லை, கொடிய விலங்கும் இல்லை. பயப்பட வேண்டியது மஞ்சள் குளவிக்கு. இடுப்பு உயரப் புதரில் சின்னதாகக் கூடு கட்டியிருக்கும். பாதையை விட்டுப் புதரைக் கையால் விலக்காதீர்கள், அவ்வளவுதான்.

குரங்கு முறைத்தால் நீங்கள் முறைக்காதீர்கள், உணவை வெளியே எடுக்காதீர்கள். ஓடையில் தண்ணீர் கலங்கி வேகம் எடுத்தால் தாண்ட முயலாதீர்கள். மேலே பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிடும், மழை நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். மூடுபனியில் வழி புரியவில்லை என்றால் குறுக்குவழி தேட வேண்டாம், வந்த பாதையிலேயே திரும்புங்கள். அவசரத்துக்கு போலீஸ் 999 அல்லது 112, ஆம்புலன்ஸ் 114. கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவையுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால்

வண்டி இருந்தால் பிளேன் ஷாம்பாஞ் வழியாக ஷமரேல் பக்கம் போகும் சாலையில் அலெக்சாண்ட்ரா அருவிப் பார்வையிடமும், அப்பால் பள்ளத்தாக்குப் பார்வையிடமும் உண்டு. வண்டியை நிறுத்திச் சிறிது தூரம் நடந்தால் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பில் நின்றால் வெள்ளை வெளேரென்று நீண்ட வால் கொண்ட பறவை உங்கள் காலுக்குக் கீழே வட்டமிடும். ஏர் மொரீஷியஸ் விமானத்தின் வாலில் வரைந்திருப்பது இதைத்தான். மூடுபனி நாளில் போனால் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும், பெட்ரோல் வீண்.

தீவின் மிக உயரமான சிகரம், 828 மீட்டர், இந்தச் சாலையிலிருந்துதான் ஏற வேண்டும். கடைசிப் பகுதி செங்குத்து, கயிற்றைப் பிடித்து ஏறுவது. முதல் பயணத்தில் வேண்டாம்.

இரண்டாம் முறை வரும்போது மக்காபேயிலிருந்து ரிவியேர் நுவார் வாசலுக்கு இறங்குங்கள், சுமார் 10 கிலோமீட்டர். இறக்கம் முழங்காலைப் பிடிக்கும், ஒரு கோல் இருந்தால் நல்லது. டாக்ஸியைக் கீழே வந்து காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் அவர்களை நேரே கீழ் வாசலுக்கு அழைத்துப் போகலாம். ஆற்றோரமாகச் சமதளத்தில் நிழலில் நடக்கலாம். மேட்டைவிட வெக்கையாக இருக்கும், ஆனால் கிளியும் வல்லூறும் கண்ணில் பட அங்கே வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும்

சாப்பிட்ட டப்பா, பழத்தோல், டிஷ்யூ எல்லாம் உங்களோடு திரும்பி வந்திருக்க வேண்டும். ஈரக் காலணியை அப்படியே மூலையில் போடாதீர்கள். வாசலில் ஒரு பழைய பேப்பரை விரித்து, அடியில் ஒட்டிய மண்ணை அதே பிரஷ்ஷால் சுரண்டுங்கள். மண்ணை விரலால் உடைத்துப் பார்த்தால் வெளிர் மஞ்சளாய், எள்ளைவிடச் சற்றுப் பெரிதாய், கெட்டியான விதைகள் இருக்கும். கொய்யா விதை. பேப்பரோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், தோட்டத்தில் உதறாதீர்கள். காலணி காய இரண்டு நாள் ஆகும்.